தும்புத்தடியும் கன்வஸ் கூரையும்

1

போன ஞாயிற்றுக்கிழமையோடு அந்த வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து மூன்று வருடமாகிவிட்டது. இந்த மூன்று வருடத்தில் அது எங்கள் தெரு முனையைத் தாண்டியது இரண்டே இரண்டு முறை. முதல் முறை, பதிவு செய்வதற்காக நான் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டாம் முறை என் மகள் இழுத்துக்கொண்டு போனாள். அந்த இரண்டாம் முறையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு அது என்ன வண்டி என்று சொல்லிவிட வேண்டும். கேம்பர் ட்ரெய்லர் என்பார்கள். ட்ரக்டர் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சிறிதாக்கி, காருக்குப் பின்னால் கொழுவி, மேலே ஒரு மூடியும் போட்டால் அதுதான். மூடியைத் திறந்து கம்பிகளை நிமிர்த்தினால் உள்ளேயிருந்து ஒரு கன்வஸ் கூடாரம் எழும்பி நிற்கும். உள்ளே மெத்தை, பக்கத்தில் இழுத்தால் அடுப்போடு வரும் குசினி, கீழே சாமான் வைக்கும் லாச்சிகள். இங்கே அவுஸ்திரேலியாவில், நல்ல கல்வீடு வைத்திருக்கிறவர்கள் விடுமுறை வந்ததும் இதை இழுத்துக்கொண்டு போய்க் கடற்கரையிலும் காட்டோரத்திலும் படுத்துவிட்டு வருகிறார்கள். மழை பெய்தால் இன்னும் சந்தோசம் என்கிறார்கள். இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இது விளங்கவே இல்லை.

வாங்கச் சொன்னது மகள் ஆரணி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. "எல்லாரும் போகினம் அப்பா. நாங்கள் மட்டும் ஒரு இடமும் போறேல்லை" என்றாள். யாரோ பாவித்த வண்டியாகப் பார்த்து வாங்கினேன். வாங்கியதும் அதைப் பூட்டும் கொக்கியைத் தடவிப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. எதற்காக அந்த நிம்மதி என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

2

பதிவுக் கந்தோரில் ஒரு படிவம் தந்தார்கள். நிரந்தர முகவரி என்று ஒரு இடம் இருந்தது. பேனா தானாக ஓடியது. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழைக்கு வடக்கே உள்ள எங்கள் கிராமத்தின் பெயர், ஒழுங்கை, எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்த இளம் பெண் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

வண்டி அங்கேயா நிற்கும் என்று கேட்டாள். இல்லை என்றேன். நீங்கள் அங்கேயா இருக்கிறீர்கள் என்றாள். இல்லை என்றேன். அப்படியானால் அங்கே யார் இருக்கிறார்கள்? தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் வெளிக்கிட்ட பிறகு அங்கே ஆமி இருந்தது, எங்களில் ஒருவரும் இல்லை. அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன், வசனம் முடியாமலே போய்விட்டது. அவள் மரியாதையாகப் புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல காலம், ரெயிலரை ஊருக்கு அனுப்பாமல் விட்டினம்!"

3

அடுத்து நாங்கள் செய்தது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. பிறத்தியார் பாவித்த பொருளைக் கழுவாமல் பாவிக்கலாமா? கூடாரத்தை விரித்து, சவர்க்காரத் தூள் போட்டு, தூரிகையால் தேய் தேயென்று தேய்த்தோம். கடைசியில் வசந்தி மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள். பக்கத்து வீட்டுக் கிரெக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். கன்வஸில் தண்ணீர் இறங்காதபடி ஒரு பூச்சு இருக்குமாம். சவர்க்காரம் பட்டால் அவ்வளவும் போய்விடுமாம்.

அதற்குப் பிறகு நான் அந்த வண்டிக்கு வாழ்க்கைப்பட்டவன் மாதிரி ஆகிவிட்டேன். தண்ணீர் இறங்காத மருந்து வாங்கி இரண்டு முறை பூசினேன். தையல்களுக்கு மெழுகு தேய்த்தேன். மூடியின் ஓரங்களுக்குச் சிலிக்கன் அடித்தேன். சக்கரச் சில்லுகளைக் கழற்றி பெயாரிங்கிற்குக் கிரீஸ் வைத்தேன், கறள் பிடித்த பிணைச்சல்களைச் சுரண்டி வர்ணம் பூசினேன். கூடாரத்தை நனைத்துக் காயவிட்டு, மறுபடி நனைத்துக் காயவிட வேண்டும் என்றும் கிரெக் சொன்னார். நூல் தண்ணீரைக் குடித்துப் பருத்தால் ஊசி போன ஓட்டைகள் தாமாக மூடிக்கொள்ளுமாம். நனையாமல் இருக்க நனைக்க வேண்டும் என்பதைக் கேட்டு ஒரு கிழமை குழம்பினேன்.

"உங்கடை தலைக்கு இப்பிடிப் பாத்துப் பாத்து எண்ணெய் வைச்சிருந்தால் மயிர் கொட்டுண்டிராது" என்றாள் வசந்தி.

மாதம் ஒரு ஞாயிறு சோதனை நடக்கும். வசந்தி வெளியே நின்று ஹோஸால் தண்ணீர் அடிப்பாள். நான் உள்ளே டோர்ச்சும் கூட்டுகிற தும்புத்தடியும் சோக்குக் கட்டியுமாக நிற்பேன். சிறிது நேரத்தில் கட்டிலுக்கு நேர் மேலே கூரை தண்ணீரைத் தாங்கி வயிறு வைக்கும். தும்புத்தடியின் பிடியால் அந்த வயிற்றை மேலே ஒரு தள்ளுத் தள்ளுவேன். தேங்கிய தண்ணீர் சளாரென்று பக்கத்தால் ஊற்றும். பிறகு பார்த்தால், கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தால் சொட்டத் தொடங்கும். சோக்கால் வட்டம் போடுவேன். காய்ந்ததும் மருந்து பூசுவேன். அடுத்த மாதம் அதற்கு ஒரு சாண் தள்ளி ஒழுகும். இப்படியே மூன்று வருடத்தில் கட்டிலுக்கு மேலே வெள்ளை வட்டங்கள் நிறைந்துவிட்டன.

தும்புத்தடியால் தள்ளும் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி வலிகாமத்திலிருந்து சனம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, ஒரு தென்னங்காணியில் பிளாஸ்டிக் தறப்பாள் கட்டி இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. அடைமழை. தறப்பாளில் தண்ணீர் தேங்கி வயிறு வைத்தால் பாரம் தாங்காமல் கிழிந்துவிடும். உள்ளேயிருந்து தடியால் தள்ளித் தள்ளி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது என் வேலை. கீழே என்னைப் பெற்ற ஐயா படுத்திருப்பார். அவருடைய நெஞ்சில் ஒரு பால்மா டின். அதற்குள் பொலித்தீன் பையில் சுற்றி எங்கள் காணியின் உறுதிப் பத்திரம். நான் தள்ளத் தவறினால் நனையப்போவது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மாரி முழுக்க நான் தவறவில்லை. என் வாழ்க்கையில் நான் முழுதாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான் என்று இப்போதும் சில நேரம் நினைப்பேன்.

4

இனி அடுக்கும் கதை. லாச்சிகளைத் திருத்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி, ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டினேன். முதலாம் பெட்டியில் அரிசி, பருப்பு, உப்பு, சீனி. இரண்டாவதில் மருந்து, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி. மூன்றாவதில் ஆளுக்கு இரண்டு உடுப்பு. நாலாவதில் கயிறு, கத்தி, வாளி. ஆரணி வந்து பார்த்துவிட்டு, "மடக்குக் கதிரை எங்கை? கோப்பி போடுற சாமான் எங்கை?" என்று கேட்டாள். அவை என் நினைவுக்கே வரவில்லை.

வசந்தி அரிசிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, நாங்கள் கடற்கரைக்குப் போறமோ, ஓடப்போறமோ?"

நான் பெட்டியை வாங்கி லாச்சிக்குள் திரும்ப வைத்தேன். அவர்கள் இருவருக்கும் தெரியாமல் ஐந்தாவது பெட்டி ஒன்றும் இருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு பலகையைக் கழற்றி, சின்ன அறை ஒன்று செய்து, அந்தப் பெட்டியை வைத்து நாலு திருகாணியால் பூட்டியிருந்தேன். உள்ளே எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், என் பள்ளிக்கூடத்துப் பத்திரங்கள், பிறகு அந்த உறுதி. அது அம்மாவின் சீதனக் காணி. அம்மாவும் ஐயாவும் போன பிறகு எனக்கும் தங்கச்சி சுகந்திக்கும் பொதுவானது. நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டபோது ஐயாதான் அதை என் கையில் தந்தார். "இஞ்சை இருந்தால் எப்ப என்ன நடக்குமெண்டு தெரியாது. நீ போற இடம் பத்திரமான இடம்" என்றார்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: ஒழுகுகிறது என்று நீயே சொல்லும் வண்டிக்குள் அதை ஏன் வைத்தாய்? வீட்டில் நல்ல இரும்பு அலுமாரி இருக்கிறதே? நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் நெருப்புப் பிடிக்கலாம், திருடர் வரலாம் என்று சமாதானம் சொல்வேன். உண்மையான காரணம், வண்டிக்குச் சில்லு இருக்கிறது. வீட்டுக்கு இல்லை. இந்த நாட்டில் யார் என்னைத் துரத்தப்போகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், அது எனக்கும் தெரியாது.

5

ஆரணி தாதியர் படிப்பை முடித்தாள். இங்கிருந்து பன்னிரண்டு மணி நேரம் கார் ஓட வேண்டிய ஒரு உள்நாட்டுச் சிறு நகரத்தில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் நாங்கள் மூவருமாக நாலு நாள் கடற்கரைக்குப் போவோம் என்று கேட்டாள்.

"இன்னும் ஒழுகுது பிள்ளை. அடுத்த மாசம் போவம்" என்றேன்.

"அடுத்த மாசம் நான் இஞ்சை இல்லை அப்பா."

"உள்ளுக்கை நனைஞ்சு கொண்டு படுக்கேலாது."

"மூண்டு வருசமாத் தண்ணி ஊத்திப் பாக்கிறியள். ஒருநாள் கூடப் படுத்துப் பாக்கேல்லை. உங்களுக்கு அது ஒழுகிறதுதான் விருப்பம் போலை கிடக்கு."

கோபத்தில் கிரீஸ் டின்னைத் தேடிக்கொண்டு போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்தபோது வாசலில் வண்டி இல்லை. என் நாலு பெட்டிகளும் கராஜில் வரிசையாக இருந்தன. இரண்டு சிநேகிதிகளோடு அவள் புறப்பட்டுவிட்டாள். ஐந்தாவது பெட்டி இருப்பது அவளுக்குத் தெரியாது. நாலு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் சுகந்தி தொலைபேசியில் வந்தாள். அவள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்கும் அறைகளுக்கு நடுவே, வாடகை வீட்டில் இருக்கிறாள்.

"அண்ணை, எங்கடை பக்கத்தையும் ஆமி விட்டாச்சு!" நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். "இவர் போய்ப் பாத்திட்டு வந்தவர். வீடு இல்லை. பத்தையும் முள்ளும்தான். கிணறு மட்டும் கிடக்காம். வாற மாசம் அளக்க வருகினம். பிரதி வைச்சிருக்கிறன், ஆனால் மூல உறுதியையும் காட்ட வேணுமாம். உங்களிட்டைப் பத்திரமாத்தானே கிடக்கு?"

"ஓம், பத்திரமாக் கிடக்கு."

"எனக்கு வாடகை வீட்டிலை இருந்து இருந்து சலிச்சுப் போச்சு அண்ணை. அதிலை ஒரு கொட்டில் போட்டெண்டாலும் இருப்பன்."

தொலைபேசியை வைத்துவிட்டு வானிலை பார்த்தேன். ஆரணி போன கடற்கரைப் பக்கம் நேற்றிலிருந்து கனமழை. அவளுக்கு எடுத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தேன். பிறகு வசந்தியைக் கூப்பிட்டு ஐந்தாவது பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பாதி வழியில்தான் கேட்டாள். "இப்ப நாங்கள் எதைப் பாக்கப் போறம்? பிள்ளையையோ, உறுதியையோ?"

"ரெண்டையும்தான்."

"முதல் எதை?"

கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. வைப்பரின் வேகத்தைக் கூட்டுவதுபோல் பாவனை செய்தேன். எனக்கு விடை தெரியாமல் இருந்ததுதான் உண்மை. அது எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

6

நாலு மணித்தியாலம் ஓடிப் போய்ச் சேர்ந்தோம். சவுக்கு மரங்களுக்குக் கீழே எங்கள் வண்டி கூடாரத்தை விரித்து நின்றது. அதை அப்படி ஒரு இடத்தில், ஈர மணலில், நிற்கக் கண்டதே இல்லையாகையால் யாருடையதோ என்று தாண்டிப் போகப் பார்த்தேன். ஆரணி வாசல் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! ஆரும் செத்துப் போச்சினமோ?"

"இல்லைப் பிள்ளை. சும்மா வந்தனாங்கள்."

"நாலு மணித்தியாலம் சும்மாவோ?"

உள்ளே சிநேகிதிகள் இரண்டு பேரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது.

"நேற்றுத் தொடங்கின மழை. ஒரு சொட்டு ஒழுகேல்லை அப்பா" என்றாள். சந்தோசப்பட வேண்டியவன் நான். ஆனால் யாரோ என்னை ஏமாற்றிவிட்டது போல எரிச்சல்தான் வந்தது.

மெத்தையைத் தூக்கி, சில்லறைக் காசொன்றால் திருகாணிகளைக் கழற்றி, ஐந்தாவது பெட்டியை வெளியே எடுத்தேன். எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறுதியை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். ஓரங்கள் பழுத்திருந்தன. மற்றபடி அப்படியே இருந்தது.

"உது என்ன?" என்று கேட்டாள் ஆரணி. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் காணி, இத்தனை பரப்பு, வீடும் மாவும் பலாவும் பனையும், கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு.

"அந்த மரமெல்லாம் இப்ப இருக்கோ?"

"தெரியாது."

"பக்கத்துக் காணிக்காரர்?"

"தெரியாது பிள்ளை."

அப்போதுதான் மழை ஒரே அடியாக வலுத்தது. கட்டிலுக்கு மேலே, என் வெள்ளை வட்டங்களுக்கு நடுவே, கூரை மெல்ல வயிறு வைத்தது. மூலையில் நான் விட்டிருந்த தும்புத்தடி அப்படியே நின்றது. நான் யோசித்து எடுக்கவில்லை. கை எடுத்தது.

"அப்பா, தொடாதேங்கோ!"

அதற்குள் தள்ளிவிட்டேன். தண்ணீர் பக்கத்தால் சளாரென்று ஊற்றியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தடி பட்ட இடத்தில் ஒரு துளி திரண்டு, தொங்கி, நேரே உறுதியின்மேல் விழுந்தது. இரண்டாவது துளி விழுவதற்கு முன் ஆரணி அதை இழுத்துத் தன் சட்டையில் ஒற்றினாள்.

"நனைஞ்ச கன்வசை உள்ளுக்கை இருந்து தொடக்கூடாது. தொட்ட இடத்தாலை தண்ணி இறங்கும்" என்றாள். "ஸ்கூல் கேம்பிலை முதல் சொல்லித் தந்ததே உதுதான்." அந்தக் கேம்புக்கு அனுப்பமாட்டேன் என்று ஒரு கிழமை ஒற்றைக்காலில் நின்றவன் நான்.

பிறகு அவளுக்கு ஏதோ விளங்கியது. தாயிடம் திரும்பினாள். "அம்மா, ஒவ்வொருமுறையும் இவர் உதாலை தள்ளுறவரோ?"

"ஓம். தும்புத்தடி இல்லாமல் உள்ளுக்கை போனதே இல்லை."

சிநேகிதிகளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நடந்ததைக் கண்டு சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஐயாவின் நெஞ்சில் கிடந்து, தென்னங்காணியில் ஒரு மாரி முழுக்க நனையாத உறுதி. தறப்பாள் என்றால் தள்ள வேண்டும். கன்வஸ் என்றால் தொடக்கூடாது. இரண்டும் கூரைதானே, இதை யார் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்? மூன்று வருடமாக நான் அடைத்த ஓட்டைகள் எல்லாம் நானே போட்டவை. எனக்கு அழுகை வந்தது, பிள்ளைகளுக்கு முன்னால் அழுதேன்.

மழை விடவில்லை. கூரை மறுபடி வயிறு வைத்தது. என் கை மறுபடி எழும்பியது. ஆரணி பக்கத்தில் வந்திருந்து அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்கோ அப்பா. அது தாங்கும்."

"கிழிஞ்சு போம்."

"தாங்கும். பாருங்கோ."

அப்படியே இருந்தோம். தென்மராட்சி, தடி, பால்மா டின், எல்லாவற்றையும் முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், அதில் எவ்வளவு அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. மழை விடுமட்டும் அவள் கையை விடவில்லை. கூரையும் கிழியவில்லை.

7

வீட்டுக்கு வந்து உறுதியைப் படம் எடுத்துச் சுகந்திக்கு அனுப்பி, நடந்ததைச் சொன்னேன். கிணற்றில் பங்கு என்று எழுதியிருந்த வரியில் மை கொஞ்சம் கலைந்திருந்தது, ஆனாலும் வாசிக்கலாம். அவள் திட்டுவாள் என்று பயந்தேன்.

"கிணறுதானே அண்ணை, நனையட்டும்" என்றாள். "நீங்கள் கொண்டு வாங்கோ."

வாற கிழமை கொண்டு போகிறேன். அங்கே போய்ப் பத்தைக்குள் நின்று என்ன செய்வேன், எந்தப் பக்கம் வாசல் இருந்தது என்று கண்டுபிடிப்பேனா, ஒன்றும் தெரியவில்லை. ஆரணி வேலைக்குப் போய் இரண்டு கிழமையாகிறது. வீட்டில் அவளுடைய அறைக் கதவைச் சாத்துவதா திறந்து விடுவதா என்று வசந்தியும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.

நேற்றுப் பின்னேரம் இங்கே நல்ல மழை. கூடாரத்தை விரித்து, தும்புத்தடியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, தனியே உள்ளே போய் இருந்தேன். கூரை வயிறு வைத்தது, தாங்கியது. அரை மணி நேரத்துக்குப் பிறகு ஆரணிக்கு ஆங்கில எழுத்தில் செய்தி அனுப்பினேன்: ஒழுகவில்லை.

உடனே பதில் வந்தது. அதே மாதிரி ஆங்கில எழுத்தில் தமிழ். "உங்கடை கை எங்கை?"

ஒன்று போனைப் பிடித்திருக்கிறது, மற்றதன்மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதினேன்.